செக்ஸிசம்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஒருவர் ஆணா பெண்ணா என்பதை வைத்தே அவரை எடைபோடும் பார்வைக்கு ஆங்கிலத்தில் 'செக்ஸிசம்' என்று பெயர். இந்தச் சொல்லைச் சிலர் பாலியல் பாகுபாடு என்று எழுதுகிறார்கள், சிலர் ஆணாதிக்கம் என்கிறார்கள். நான் 'பாலினவாதம்' என்று எழுதுகிறேன். அதற்குக் காரணம் அந்தச் சொல் பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

ஆங்கிலத்திலும் இது புதிய சொல்தான். 1965 நவம்பரில், அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் அண்ட் மார்ஷல் கல்லூரியில் பாலின் லீட் என்ற பெண்மணி ஓர் உரை நிகழ்த்தினார். நல்ல கவிதை எழுதிய பெண்கள் குறைவு, அதனால் அவர்களை அடியோடு ஒதுக்குவது சரி என்று வாதிடுபவர் இனவாதியைப் போன்றவர்தான் என்று சொல்லி, அப்படிப்பட்டவரை 'செக்ஸிஸ்ட்' என்று அழைத்தார். 1968-ல் எழுத்தாளர் கரோலின் பேர்ட் 'செக்ஸிசம்' என்ற சொல்லை அச்சேற்றினார். ஆக, இது 'ரேசிசம்' (இனவாதம்) என்ற சொல்லின் அச்சில் வார்த்த சொல். தமிழிலும் அதே அச்சில் வார்த்தால் பாலினவாதம் கிடைக்கிறது.

'பாலியல்' என்றதும் நமக்குப் பாலியல் தொல்லையும் பாலியல் வன்முறையும்தான் நினைவுக்கு வருகின்றன, பொருள் வேறு பக்கம் போய்விடுகிறது. ஆணாதிக்கம் என்பது சமூகத்தின் அமைப்பு. பாகுபாடு என்பது செயல்: ஒரே வேலைக்குக் குறைந்த கூலி கொடுப்பது போல. அந்தச் செயலுக்கு முன்பே மனத்தில் உட்கார்ந்திருக்கும் எண்ணம்தான் பாலினவாதம். அது எப்போதும் வெறுப்பாக வருவதில்லை என்பதுதான் சிக்கல்.

1996-ல் பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற உளவியலாளர்கள் இதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று பகை: 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?' மற்றொன்று பரிவு: 'நீ ஏம்மா கஷ்டப்படுற, வீட்ல ராணி மாதிரி இரு.' இரண்டாவதைக் கேட்டால் அன்பாகத்தான் இருக்கும், ஆனால் அதுவும் கதவைத்தான் சாத்துகிறது. 2000-ல் 19 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வை அவர்கள் வெளியிட்டார்கள். ஆண்களிடம் பாலினவாதம் அதிகமாக இருந்த நாடுகளில் பெண்களும் அதை அதிகமாக ஏற்றார்கள், குறிப்பாகப் பரிவு வகையை. வெளியே பகை கூடும்போது பாதுகாப்புத் தருகிறேன் என்பவரை நம்புவதைத் தவிர வேறு என்ன வழி இருக்கிறது? அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த எண்ணம் ஆண்கள் மீதும் படிகிறது. 'அப்பாவுக்கு ஒரு டீ போடக்கூடத் தெரியாது' என்று என் அம்மா பெருமையாகவே சொல்வார். அதில் பாசமும் உண்டு, ஆண் என்றால் சமையலறைக்கு வெளியே இருப்பவர் என்ற முடிவும் உண்டு. 'பொம்பள மாதிரி அழாதே' என்று சொல்லி வளர்த்த பையன், பெரியவனானபின் அழத் தெரியாமல் கோபப்படுகிறான்.

நம் சொற்களையும் பாருங்கள். கணவனைப் பிரிந்தவளைச் சுட 'வாழாவெட்டி' இருக்கிறது, மனைவியைப் பிரிந்தவனுக்கு அப்படி ஒரு சொல் புழக்கத்தில் இல்லை. துணையை இழந்த இருவரின் நிலைக்கும் தொல்காப்பியம் பெயர் தருகிறது: மனைவியை இழந்தவனுடையது தபுதார நிலை, கணவனை இழந்தவளுடையது தாபத நிலை. இன்று 'விதவை' எல்லோர் வாயிலும் இருக்கிறது. 'தபுதாரன்' என்றால் யாருக்குப் புரியும்?

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். இந்தப் பார்வை உடையவர் ஆணானாலும் பெண்ணானாலும் பாலினவாதி. பேச்சைச் சொல்லும்போது பாலினவாதப் பேச்சு. 'பால்வாதம்' இன்னும் சுருக்கமாக இருக்கும்தான், ஆனால் படிப்பவருக்குக் குடிக்கும் பால் நினைவுக்கு வந்துவிடும்.