அல்சைமர்: ‘முதுமை மறதி’ என்றால் போதுமா?

அல்சைமர் என்பது ஒரு மருத்துவரின் குடும்பப் பெயர். ஜெர்மானியர்கள் ஏறக்குறைய ‘ஆல்ட்ஸ்ஹைமர்’ என்பார்கள். அலோய்ஸ் அல்சைமர் 1901இல் ஃபிராங்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் அகுஸ்டே என்ற பெண்ணைப் பரிசோதித்தார். பெயரைக் கேட்டால் ‘அகுஸ்டே’ என்றார். கணவர் பெயர்? அதற்கும் ‘அகுஸ்டே’தான். 1906இல் அகுஸ்டே இறந்தபின், மூளைத் திசுவில் படிவுகளும் நரம்பு செல்களுக்குள் முறுக்கிய நார்ச் சிக்கல்களும் நுண்ணோக்கியில் தெரிந்தன. 1910இல் மனநல மருத்துவர் எமில் கிரெப்பலின் தம் பாடநூலில் ‘அல்சைமர் நோய்’ என்று பெயர் வைத்துவிட்டார்.

தமிழில் இந்த நோய்க்குப் பரவலாக வழங்குவது ‘முதுமை மறதி’. எளிய சொல்தான், ஆனால் இரண்டு பாதியுமே இடிக்கிறது. மருத்துவமனைக்கு வந்தபோது அகுஸ்டேவுக்கு வயது 51. பெரும்பாலும் 65க்கு மேற்பட்டவர்களுக்கு வருகிறது என்றாலும், மூப்போடு தானாக வருவதல்ல இது. மறதியும் தொடக்கம் மட்டுமே. காலையில் சாப்பிட்டது நினைவில்லை, ஐம்பது வருடக் கதை மட்டும் பிசகாமல் வரும். புது நினைவுகளைப் பதிக்கும் பகுதி முதலில் அடிபடுவதால் இப்படி. அப்புறம் தெரிந்த தெருவிலேயே வழி தப்பும், சில்லறை எண்ண வராது, ‘என் வளையலை யாரோ எடுத்துட்டாங்க’ என்று சந்தேகம் கிளம்பும். பெற்ற மகளைப் பார்த்து ‘நீ யாரு?’ என்று கேட்கும் நாளும் வரலாம்.

டிமென்ஷியா வேறு, அல்சைமர் வேறா என்ற குழப்பமும் உண்டு. நினைவு, சிந்தனை, மொழி எல்லாம் தேய்ந்து அன்றாட வாழ்க்கையே தடுமாறும் நிலைதான் டிமென்ஷியா. லத்தீனில் ‘மனம் நீங்கிய நிலை’ என்று பொருள். அதற்குப் பல காரணங்கள். அவற்றில் அல்சைமரே முதலிடம், 60 முதல் 70 சதவீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

யாழ்ப்பாணத்தில் ‘அறளை பெயர்தல்’ என்று ஒரு பழைய வழக்கு இருக்கிறது. மூப்பில் புத்தி தடுமாறுவதைச் சொல்வது. அழகான சொல், ஆனால் ஏச்சாகவே புழங்கிவிட்டதால் நோயாளி முன் சொல்ல வாய் வராது.

என் பரிந்துரை: டிமென்ஷியாவுக்கு ‘அறிதிறன் தேய்வு’. அல்சைமரை, பார்க்கின்சன் போல, ஆள்பெயராகவே விட்டுவிடலாம். ‘முதுமை மறதி’ என்றதும் ‘வயசானா மறக்கத்தான் செய்யும்’ என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு போன்றவற்றாலும் இதே தடுமாற்றம் வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.