செனடாப்: சொல் விளக்கம்

சென்னைத் தேனாம்பேட்டையில் உள்ள செனடாப் சாலையின் பெயரைக் கேட்பவர்களில் பலர், அது ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். துரைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. ஆனால் பெயர் அவருடையதன்று. இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த காரன்வாலிஸ் பிரபுவுக்காக எழுப்பப்பட்ட நினைவு மண்டபம் முன்பு அங்கே நின்றதால் சாலை அப்பெயர் பெற்றது. 1805இல் இறந்த அவருடைய உடல் புதைக்கப்பட்டதோ கங்கைக் கரையிலுள்ள காசிப்பூரில்.

கிரேக்க மொழியில் 'கெனோஸ்' என்றால் வெறுமையானது, 'தாஃபோஸ்' என்றால் கல்லறை. இவ்விரண்டும் சேர்ந்து, இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்த செனடாப் என்னும் சொல், உடல் வேறெங்கோ கிடக்க அல்லது கிடைக்காமலே போக, இறந்தவருக்காக எழுப்பும் சின்னத்தைக் குறிக்கும். பண்டைய ஏதென்சில் போரில் மாண்டோரின் எலும்புகளைக் குலத்துக்கு ஒரு பெட்டியாக எடுத்துச் சென்ற ஊர்வலத்தில், உடல் கிடைக்காதவர்களுக்கென்று வெறும் பாடை ஒன்றையும் சுமந்து சென்றார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார்.

இச்சொல்லை உலகறியச் செய்தது முதல் உலகப்போர். போர்க்களத்தில் இறந்தவர்களின் உடல்களைத் தாயகத்துக்குக் கொண்டுவருவதில்லை என்று பிரிட்டன் முடிவு செய்திருந்ததால், இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அழுவதற்கு ஒரு குழிமேடுகூட இல்லாமல் போயிற்று. 1919 ஜூலையில் நடந்த வெற்றி அணிவகுப்புக்காக லண்டன் ஒயிட்ஹால் சாலையில் கட்டடக்கலைஞர் எட்வின் லட்யன்ஸ் மரத்தாலும் சுதையாலும் தற்காலிகமாக எழுப்பிய செனடாப்பின் அடியில் மக்கள் மலர்களைக் குவித்தபடியே இருந்தார்கள். அதையே போர்ட்லண்ட் கல்லில் நிலையாகக் கட்டி, 1920 நவம்பர் 11 அன்று திறந்தார்கள். அதில் எந்தச் சமயக் குறியும் இல்லை. உச்சியில் மூடிய பேழை வடிவம் ஒன்று உண்டு, அதற்குள் எவரும் இல்லை. கொழும்பு விகாரமகாதேவி பூங்கா அருகே நிற்கும் போர் நினைவுத்தூணும் லட்யன்ஸ் வடிவமைத்ததே.

தமிழில் இதை வெறுங்கல்லறை, நினைவுத்தூண், போர் நினைவுச் சின்னம் எனப் பலவாறு எழுதுகிறார்கள். வெறுங்கல்லறை வேர்ப்பொருளுக்கு நேரானது. ஆனால் கேட்பவர் மனத்தில் பாழடைந்த குழியைத்தான் எழுப்புகிறது. தூண் என்பது வடிவத்தைச் சொல்கிறதேயன்றிச் செயலைச் சொல்வதில்லை. போர் நினைவுச் சின்னம் சரியானதே என்றாலும், பீரங்கியைக் காட்சிக்கு வைத்தாலும் அப்பெயர் பொருந்திவிடும்.

நம்மிடம், போரில் மாண்ட வீரனுக்காக நடும் நடுகல் இருக்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று அதன் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. இவற்றுள் ஒன்றேனும் உடலைப் பற்றியதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். பதுக்கை எனும் கற்குவியலை ஒட்டி நட்ட கல்லும் உண்டு. புறநானூற்றின் 264ஆம் பாட்டில், மரல் நாரால் தொடுத்த சிவந்த பூங்கண்ணியும் மயிற்பீலியும் சூட்டி, பெயர் பொறித்து நடுகிறார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல், கூடலூர் ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்த அந்தவன் என்பவனின் பெயரை இன்றும் தாங்கியிருக்கிறது. குடும்பத்தையும் அம்மரபு மறக்கவில்லை: போரில் இறந்தவனின் வழியினருக்கு விட்ட நிலம் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி எனப்படுகிறது. ஒயிட்ஹாலின் கல்லில் இதற்கு ஈடான சொல் ஏதும் இல்லை.

ஈழப்போரில் மாண்ட புலி வீரர்களுக்கான துயிலும் இல்லங்களில், உடல் விதைத்த (அதாவது புதைத்த) இடம் கல்லறை என்றும், உடல் கிடைக்காதவருக்கு எழுப்பியது நினைவுக்கல் என்றும் பிரித்து வழங்கினார்கள். அகராதிக்காரர் எவரும் சொல்லிக்கொடுக்காமலே, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் அவ்விரண்டையும் வேறுபடுத்தி வழங்கிய வழக்கு அது. ஆகவே செனடாப் என்பதற்குப் பொதுவாக நடுகல் என்றும், உடல் அங்கில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் நினைவுக்கல் என்றும் எழுதலாம். சாலைப் பெயரை மட்டும் மாற்ற வேண்டியதில்லை.