வெள்ளிக்கிழமை நடை

கொக்குவிலில் இருக்கும் என் பெரியப்பா வெள்ளிக்கிழமைகளில் நன்றாக நடப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசற்படியைத் தாண்டுமுன்பே கால் நிலத்தோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். அவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு நாளும் அதே மாத்திரை, அதே அளவு. வெள்ளிக்கிழமை விரதம் என்பதால் வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிவிட்டு, நல்லூருக்குப் போய்க் கும்பிட்டு வந்த பிறகுதான் சாப்பிடுவார். முருகனின் அருள் என்றார் பெரியம்மா. நான் மறுத்துப் பேசவில்லை. ஞாயிறு காலையில் மாத்திரையை எதனோடு எடுக்கிறார் என்று மட்டும் கேட்டேன். பிட்டு, முதல்நாள் மீன்குழம்பு, முட்டைப் பொரியல், மேலே ஒரு கோப்பை பால்தேநீர்.

விடை அந்தக் கோப்பையிலும் குழம்பிலும் இருந்தது. அவர் எடுக்கும் மாத்திரையில் உள்ள மருந்து லெவோடோபா; மூளைக்குள் போய் டோபமினாக மாறுவது. அது ஒரு அமினோ அமிலம், அதாவது புரதத்தின் செங்கற்களைப் போன்ற ஒரு பொருள். குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் போக அதற்குத் தனிவழி கிடையாது. மீன், முட்டை, பால், பருப்பு ஆகியவற்றின் புரதம் செரித்து வரும் வேறு அமினோ அமிலங்களும் அதே வாசலால்தான் நுழைய வேண்டும். தேர்த் திருவிழா அன்று நல்லூர் வாசலில் நெரிபடும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நெரிசலில் லெவோடோபா பின்னால் நின்றுவிடுகிறது. அதனால்தான் உணவுக்கு அரைமணி நேரம் முன்போ, ஒரு மணி நேரமேனும் கழித்தோ மாத்திரையை எடுக்குமாறு பலருக்கும் வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

உணவின் கை இதைவிட ஆழமாகவும் போகிறது. அதைச் சொல்வதற்கு நோயின் வேருக்கே போக வேண்டும்.

1817இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நடுக்கத்தை விவரித்து எழுதினார். நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் மெல்ல மடிவதுதான் நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் காரணம். அந்தக் கலங்களுக்குள் அல்ஃபா சினுக்ளின் என்ற புரதம் திரண்டு கட்டியாகிறது. 1997இல் இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களில் அந்தப் புரதத்துக்குரிய மரபணுவில் ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. பிழையான மரபணு, பிழையான புரதம், அதனால் நோய் என்று கணக்கு எளிதாக முடிந்ததாகவே தோன்றியது.

2003இல் அந்தக் கணக்கு மாறியது. அமெரிக்காவின் அயோவாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் இந்த மரபணு எந்தப் பிழையும் இன்றி இருந்தது. வழக்கமான இரண்டு படிகளுக்குப் (பிரதிகளுக்குப்) பதிலாக நான்கு படிகள் இருந்தன. புரதம் சரியானதுதான், அளவு மட்டும் கூடியது. அந்தக் குடும்பத்தவருக்கு முப்பதுகளிலேயே நோய் வந்தது. மூன்று படிகள் உள்ள குடும்பங்களில் பெரும்பாலும் ஐம்பதை அண்டிய வயதில் வருகிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் என்னை மிகவும் உலுக்கிய செய்தி இதுதான். நம் ஒவ்வொருவரின் நரம்புக்கலத்திலும் உள்ள ஒரு சாதாரணப் புரதம், அளவு மீறினாலே நஞ்சாகிறது. ஆகவே மரபணுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, அது எத்தனை முறை படிக்கப்பட்டுப் புரதமாகிறது என்பதும் முக்கியமாகிறது.

மரபணுவை ஏட்டுச்சுவடி என்று வைத்துக்கொண்டால், கட்டை இறுக்கிக் கட்டினால் படிக்க முடியாது, அவிழ்த்தால் படிக்கலாம். இந்த ஏட்டைத் தொடாதே என்று கலம் வைக்கும் அடையாளங்களில் ஒன்று, மெதைல் என்ற சிறு வேதிக் கூட்டம். 2010இல் வெளியான ஆய்வுகள், நோயாளிகளின் மூளையில் அல்ஃபா சினுக்ளின் மரபணுவின் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதியில் இந்த அடையாளங்கள் குறைந்திருப்பதாகக் காட்டின. பின்வந்த எல்லா ஆய்வுகளும் அதனை ஒத்துக்கொள்ளவில்லை. என்றாலும் கேள்வி நிற்கிறது: மெதைல் எங்கிருந்து வருகிறது?

உணவிலிருந்துதான். கீரையிலும் பருப்பிலும் உள்ள ஃபோலேற்று, மீன், முட்டை, பாலில் உள்ள விற்றமின் பி12 ஆகிய இரண்டும் மெதைலைச் சுற்றவிடும் சக்கரத்தின் அச்சுகள். முருங்கை இலை வறை சாப்பிட்டால் மெதைல் நேரே அந்த மரபணுவில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது. எங்கே ஒட்டுவது என்பதைக் கலத்தின் நொதியங்களே தீர்மானிக்கின்றன. உணவு தருவது கையிருப்பை மட்டும்.

அந்தக் கையிருப்பில் லெவோடோபாவே கைவைக்கிறது என்பதைத்தான் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். மாத்திரையின் ஒரு பங்கை உடல் மெதைல் ஒட்டி வெளியேற்றுகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதியத்தின் வேகம் மரபணுப்படி ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு மூன்று நான்கு மடங்கு வேகம். மெதைலைக் கொடுத்தபின் மிஞ்சுவது ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம். அதனை மீண்டும் பயனுள்ள பொருளாக்க ஃபோலேற்றும் பி12உம் வேண்டும். அவை குறைந்தால் ஹோமோசிஸ்டீன் இரத்தத்தில் ஏறுகிறது, பி12 குறைபாடு கால் நரம்புகளையும் கெடுக்கிறது. தாவரங்களில் பி12 கிடையாது. யாழ்ப்பாணத்தில் மீனும் முட்டையும் தொடாத சைவக் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அந்த வீடுகளில் ஒரு முதியவர் லெவோடோபா எடுக்கிறார் என்றால், அவருடைய பி12 அளவைப் பார்க்கும்படி கிளினிக்கில் கேளுங்கள். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனைதான்.

இனி வயிறு. கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பலருக்கு மலச்சிக்கல் வருகிறது, மணம் தெரியாமல் போகிறது. பெரியப்பாவுக்கு அடுப்பில் கருவாடு கருகியதுகூடத் தெரியவில்லை; தடிமன் என்று நினைத்தோம். நோய் சிலருக்குக் குடல் நரம்புகளில் தொடங்கி மூளைக்கு ஏறலாம் என்று 2003இல் ஜெர்மானிய அறிஞர் பிராக்கின் குழு முன்வைத்த கருத்துக்கு இது பொருந்துகிறது. குடலில் வாழும் பற்றீரியாக்கள் நாரையும், செரிக்காத மாப்பொருளையும் தின்று பியூற்றிரேற்று என்ற கொழுப்பமிலத்தை உண்டாக்குகின்றன. டீ.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் புரதங்களின் பிடியை இறுக்கும் நொதியங்களை அது தடுக்கிறது. சுவடிக் கட்டு இளகுகிறது, சில மரபணுக்கள் படிக்கப்படுகின்றன. பார்க்கின்சன் நோயாளிகளின் குடலில் இதை உண்டாக்கும் பற்றீரியாக்கள் குறைவு என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

ஆறிய சோற்றில் செரிக்காத மாப்பொருள் கூடும் என்பதால், நம் பழஞ்சோற்றைக் கொண்டாட இங்கே எனக்கும் ஆசைதான். ஆனால் 2016இல் எலிகளில் நடந்த ஒரு சோதனை என் பேனையைப் பிடித்து நிறுத்துகிறது. அல்ஃபா சினுக்ளின் மிகுந்த, குடலில் பற்றீரியாவே இல்லாத எலிகளுக்கு நோய்க்குறிகள் குறைவாக இருந்தன. இதே வகைக் கொழுப்பமிலங்களை ஊட்டியதும் அவை கூடின. ஒரே பொருள் ஓரிடத்தில் நன்மை, இன்னோரிடத்தில் கேடு. நாருள்ள உணவும் போதிய தண்ணீரும் மலச்சிக்கலுக்கு நிச்சயம் நல்லவை. அதற்கு மேல் வாக்குறுதி கொடுக்க இன்னும் காலம் வரவில்லை.

கோப்பியைப் பற்றியும் ஒரு சொல். ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, கோப்பி குடிப்போருக்கு இந்த நோய் குறைவாக வருவதை 2000இல் காட்டியது. ஒரு குறிப்பிட்ட மரபணு வடிவம் உள்ளவர்களுக்கு அந்தப் பயன் கூடுதல் என்று 2011இல் ஒரு ஆய்வு சொன்னது. பின்வந்தவற்றில் சில ஆதரித்தன, சில ஆதரிக்கவில்லை.

பூனைக்காலி விதையைப் பற்றி ஊரில் பலர் கேட்கிறார்கள். அதில் லெவோடோபா இருப்பது உண்மை. 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இந்த நோய்க்கு அது மருந்தாகும் என்று உலகம் அறிய மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஆனால் விதைக்கு விதை அளவு மாறும். மாத்திரையோடு அந்தப் பொடியையும் சேர்த்தால் அளவு மிஞ்சி, உடல் தானாக முறுக்கி ஆடும், மனக்குழப்பமும் வரலாம். வைத்தியருக்குச் சொல்லாமல் எடுக்கவே வேண்டாம்.

பெரியப்பாவின் மீனை நாங்கள் நிறுத்தவில்லை. இந்த நோயில் எடை குறைவது வழக்கம், அவருக்குப் புரதம் வேண்டும். வைத்தியரிடம் கேட்டு நேரத்தை மட்டும் மாற்றினோம். காலை ஆறு மணிக்குத் தண்ணீரோடு மாத்திரை, ஏழு மணிக்குப் பிட்டும் வாழைப்பழமும், மீனும் முட்டையும் இரவில். கடந்த ஞாயிறு அவர் தனியாகப் படலை வரை நடந்துபோய்ப் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தார்.