உறைக்கிணறும் கல்வட்டமும்

தண்டையார்பேட்டையில் கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும், நாலடி இறங்குவதற்குள் மணல் சரியத் தொடங்கிவிடும். அதனால்தான் இங்கே உறை இறக்குகிறோம். வெளியிலிருந்து நெருக்கும் மணலை அந்த வளையம் தடுத்து நிறுத்துகிறது. செங்கல்பட்டுப் பக்கம் பொட்டல்காட்டில் கிடக்கும் கல்வட்டமும் ஒரு உறைதான். ஆனால் அது தடுப்பது உள்ளிருந்து வெளியே சரிவதை.

கல்வட்டம் இரும்புக்கால மக்களின் புதைகுழி. குழி வெட்டி, தாழியையோ சுட்டமண் ஈமப்பேழையையோ இறக்கி, பானைகளும் இரும்புக் கருவிகளும் வைத்து மண்ணால் மூடினார்கள். அதன் மேல் சிறு கற்களைக் குவித்தார்கள். வெறும் குவியலாக விட்டால் மழையும் மாட்டுக் குளம்பும் அதைப் பரப்பிவிடும். சுற்றிலும் பெரிய கற்களைப் பாதி புதைத்து நட்டுவிட்டால் நகராது. கொட்டிய எந்தக் குவியலும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சரிந்து வட்டமாகத்தான் உட்காரும். அதனால் அதை அணைத்து நிற்கும் கற்களும் வட்டமாக இருப்பதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை வரைய ஒரு முளையும் கயிறும் போதும்.

மதுராந்தகம் பக்கத்துச் சாணூரில் 1950லும் 1952லும் அகழ்ந்தபோது, இப்படிப்பட்ட கற்குவியல்களுக்கு அடியில் ஈமப்பேழைகள் கிடைத்தன. தொட்டி மாதிரி இருக்கும், கீழே வரிசையாகக் குட்டைக் கால்கள். அவ்வளவு பெரிய மண்தொட்டியை விரிசல் விடாமல் சுடுவது லேசான வேலை இல்லை. எழும்பூர் அருங்காட்சியகம் போனால் அவசியம் இப்படியொரு பேழையைப் பாருங்கள்.

உடன் வைத்த பானைகள் இன்னும் அழகு. உள்ளேயும் வாயோரத்திலும் கறுப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள் என்பதே பரவலான விளக்கம். காற்றுப் பட்ட வெளிப்புறத்தில் களிமண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவந்தது. காற்றுப் புகாத உட்புறத்தில் கரி படிந்து கறுத்தது. ஒரே சூளை, இரண்டு நிறம்.

சரி, எங்கள் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் ஏன் கல்வட்டம் கண்ணில் படுவதில்லை? இங்கே நட்டு வைக்கக் கல்லே கிடையாது. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் போனால்தான் பாறை. கல்வட்டங்கள் பெரும்பாலும் பாறை கிடைக்கும் இடத்தை ஒட்டியே இருக்கின்றன.

இன்று அந்தக் கற்கள் வரப்புக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் போய்க்கொண்டிருப்பது வேதனை. ஒரு கல்லைப் பெயர்த்தால் அந்த இடைவெளி வழியாகக் குவியல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும். அப்புறம் நிலம் சமமாகும், ஏர் ஓடும், தாழியின் வாய் உடையும். உழுத வயலில் கறுப்பும் சிவப்புமாக ஓடுகள் சிதறிக் கிடந்தால், அங்கே ஒரு வட்டம் இருந்திருக்கலாம்.