ஸ்டே: தங்குதல், நிறுத்திவைத்தல், தாங்குதல்

வேலூரில் ‘ஸ்டே’ என்னும் ஆங்கிலச் சொல் மூன்று இடங்களில் மூன்று பொருளில் வழங்குகிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருவோர் அருகிலுள்ள லாட்ஜுகளில் ‘ஸ்டே’ பண்ணுகிறார்கள். நீதிமன்றத்துக்குச் சென்றவர் ‘ஸ்டே’ வாங்கியதாகச் சொல்கிறார். மின்வாரிய ஊழியர் கம்பத்துக்கு ‘ஸ்டே’ கம்பி கட்டுகிறார்.

முதல் இரண்டும் ஒரே சொல். ‘நில்’ என்று பொருள்படும் இலத்தீன் ‘ஸ்தாரே’, பழைய பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தபோது, அதன் பொருள் ‘நடை நின்றுபோதல்’ என்பதே. ‘ஓரிடத்தில் இருத்தல்’ என்பது 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. ஆகவே லாட்ஜில் கேட்பதைவிட நீதிமன்றத்தில் கேட்பதே மூத்த பொருள். ‘தேவஸ்தானம்’ என்பதில் உள்ள வடமொழி ‘ஸ்தா’வும் இந்த இலத்தீன் சொல்லுக்கு உறவு.

முதற்பொருளுக்குத் ‘தங்கு’ இருக்கையில் ‘ஸ்டே பண்ணு’ தேவையே இல்லை. கையில் காசு தங்கவில்லை, ஏரியில் தண்ணீர் தங்கவில்லை, பிள்ளை வீடு தங்குவதில்லை என்றெல்லாம் நாம் சொல்வதில் பாதியையாவது அந்த ஆங்கில வினையால் சொல்ல முடியுமா? ஒரு நிலையில் நீடிப்பதற்கு மட்டும் ‘இரு’ வேண்டும்: விழித்திரு, அமைதியாயிரு.

நீதிமன்றச் சொல்லில்தான் கவனம் தேவை. செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் ‘தடை’ என்று எழுதிவிடுகின்றன. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் கட்டளையின் கீழ், நிலத்தில் கட்டடம் எழுப்பாதே என்று எதிர்த்தரப்புக்கு இடுவது தடையாணை. 41ஆம் கட்டளையின் கீழ், மேல்முறையீடு முடியும்வரை தீர்ப்பாணையை நிறைவேற்றாமல் வைப்பதே ‘ஸ்டே’. முன்னது ஆளைக் கட்டுப்படுத்துகிறது. பின்னது நடவடிக்கையை நிறுத்துகிறது. இதற்கு ‘நிறுத்திவைப்பாணை’ என்பதே பொருந்தும். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், தமக்கு எது கிடைத்தது என்பதே கட்சிக்காரருக்கு விளங்காது.

மின்கம்பத்து ‘ஸ்டே’ வேறு பிறப்பு. பாய்மரத்தை இழுத்துக் கட்டும் கயிற்றுக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த ஜெர்மானியச் சொல் அது. கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிப்பதே அந்தக் கம்பியின் வேலையாதலால், சுமத்தல், தடுத்தல் என்னும் இரு பொருளும் உடைய ‘தாங்கு’ அதற்குப் பொருந்துகிறது. ‘போர்தாங்கும் தன்மை’ என்னும் குறளில் (767) அச்சொல் எதிர்த்து நிற்பதைக் குறிக்கிறது. நீரைத் தேக்கி வைக்கும் சிற்றேரிக்கு வடாற்காட்டுப் பக்கம் ‘தாங்கல்’ என்றே பெயர். ‘தாங்குகம்பி’ என்றால் லைன்மேனுக்கும் விளங்கும், வயலுக்குச் சொந்தக்காரருக்கும் விளங்கும்.