ரீ-ரிலீஸ்: மறுவெளியீடா, மறுதிரையிடலா?

ரீ-ரிலீஸ்: முன்பே வெளியாகி ஓட்டம் முடிந்த ஒரு திரைப்படத்தை, ஆண்டுகள் கழித்து, அறிவிப்போடும் விளம்பரத்தோடும் மீண்டும் திரையரங்குகளில் வெளியிடுவது. தமிழில் மறுவெளியீடு.

அகராதிக்கு இவ்வளவு போதும். ஆனால் பழைய படம் எந்த வகையில் திரைக்கு வந்தாலும் இப்போது ரீ-ரிலீஸ் என்றே எழுதிவிடுகிறார்கள். பாழடைந்த பிலிமைச் சீர்செய்து கொண்டுவந்தாலும் ரீ-ரிலீஸ். படத்தை வெட்டி ஒட்டி வேறு வடிவில் தந்தாலும் ரீ-ரிலீஸ். புதுப்படம் கிடைக்காத வாரத்தில் ஒரு தியேட்டர்காரர் பழைய படத்தைப் போட்டு ஒப்பேற்றினாலும் ரீ-ரிலீஸ். இவற்றைப் பிரித்துச் சொல்லத் தமிழில் சொற்கள் இருக்கின்றன. எடுத்தாள்வதற்குத்தான் ஆளில்லை.

ரிலீஸ் என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம் 'ரிலக்ஸாரே' என்ற லத்தீன் வினை. தளர்த்துவது, கட்டவிழ்ப்பது என்று பொருள். நாம் சாவகாசமாகச் சொல்லும் 'ரிலாக்ஸ்' அதற்கு உடன்பிறப்பு. ஆக, 'மீண்டும்' என்ற பொருளுடைய முன்னொட்டு ஒன்று ரிலீஸுக்குள் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் தலையில் இன்னொரு 'ரீ'யை ஏற்றியதுதான் நம் சொல். ஆங்கிலத்தில் கைதியும் ரிலீஸ், படமும் ரிலீஸ். தமிழில் கைதி விடுதலையாகிறார், படம் வெளியாகிறது. வெளியிடு என்பது வெளி, இடு என்ற இரண்டும் சேர்ந்தது. உள்ளே இருந்ததை நாலு பேர் பார்க்கப் பொதுவெளியில் இடுவது. புத்தகத்துக்கும் படத்துக்கும் ஒருசேரப் பொருந்தும் நல்ல சொல்.

ஹாலிவுட்டில் இந்த வழக்கம் பழையது. 1937-இல் வந்த ஸ்நோ ஒயிட் படத்தை வால்ட் டிஸ்னி நிறுவனம் 1944-இல் மறுபடி திரைக்கு அனுப்பியது. அதன் பிறகு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடுத்த தலைமுறைக் குழந்தைகளுக்கு அதைக் காட்டுவதையே வாடிக்கையாக்கிக்கொண்டது. அந்த நாளில் அங்கே 'ரீ-இஷ்யூ' என்ற சொல்லும் பரவலாகப் புழங்கியது.

நம் ஊரில் விஷயம் வேறு. பழைய படங்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்த காலத்தில் அதற்கென்று ஒரு பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. நகரத்துப் பெரிய அரங்கில் ஓடி முடித்த படம் சிற்றூர்க் கொட்டகைக்குப் போகும். அங்கிருந்து டூரிங் டாக்கீஸுக்குப் போகும். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, வேறொரு விநியோகஸ்தர் கையில், புறப்பட்ட ஊருக்கே திரும்பி வரும். எம்.ஜி.ஆர், சிவாஜி படங்கள் இப்படித்தான் பல தலைமுறைகளின் கண்ணில் பட்டன. 'என்ன படம் ஓடுகிறது', 'படம் மாற்றிவிட்டார்களா', 'மூன்றே நாளில் தூக்கிவிட்டார்கள்' என்று ஓடுதல், மாற்றுதல், தூக்குதல் ஆகிய வினைகளிலேயே பேச்சு முடிந்துவிடும். சுவரொட்டியிலும் ரீ-ரிலீஸ் என்று இருக்காது. 'புத்தம் புதிய காப்பி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும்.

அந்த மூன்று சொற்களில் ஒரு வாக்குறுதி இருந்தது. பிலிம் சுருள் புரொஜெக்டரில் ஏறி இறங்கும்போதெல்லாம் அதில் கீறல் விழும். கீறல் மிகுந்த படத்தைத்தான் 'மழை பெய்கிறது' என்று சொல்வார்கள். திரை முழுக்கச் செங்குத்துக் கோடுகள் இறங்கிக்கொண்டே இருக்கும். சுருள் அறுந்தால் ஆபரேட்டர் அறுந்த முனைகளைக் கத்தரித்துப் பசை தடவி ஒட்டுவார். ஒவ்வொரு ஒட்டிலும் சில சட்டகங்கள் (ஃபிரேம்கள்) காணாமல் போகும். வசனம் பாதியில் துள்ளும். நாயகன் வாசலில் கால் வைத்ததும் கூடத்தின் நடுவில் நிற்பார். பத்து ஊர் சுற்றி வந்த காப்பியில் பாட்டு ஒன்று முழுதாக இல்லாமல் போனாலும் வியப்பதற்கில்லை. எனவே நெகட்டிவிலிருந்து புதிதாகக் காப்பி எடுத்திருக்கிறோம் என்பது பார்வையாளருக்குக் கொடுத்த உத்தரவாதம். அந்த உத்தரவாதம் எல்லா நேரமும் காப்பாற்றப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

தொலைக்காட்சி வந்தது, பிறகு குறுந்தகடு வந்தது. பழைய படத்துக்குத் தியேட்டர் போகும் பழக்கம் தேய்ந்தது. அடுத்து அரங்குகள் டிஜிட்டலுக்கு மாறின. பிலிம் புரொஜெக்டர்கள் கழற்றி வைக்கப்பட்டபின், கோப்பாக மாற்றப்படாத படத்தை நினைத்தாலும் ஓட்ட முடியாது. திரும்பி வருவது நின்றுபோன பிறகுதான் திரும்பி வருவது செய்தியாயிற்று. செய்தி என்று ஆனதும் அதற்கு ஒரு பெயரும் தேவைப்பட்டது. ரீ-ரிலீஸ் அப்படித்தான் நம் வாயில் நிலைத்தது.

அதற்குப் பெரிய தொடக்கம் போட்டது 'கர்ணன்'. பி. ஆர். பந்துலு இயக்கி 1964 பொங்கலுக்கு வந்த படம், டிஜிட்டலில் சீர்செய்யப்பட்டு 2012 மார்ச்சில் வெளியாகி நூறு நாளைத் தாண்டி ஓடியது. இரண்டு ஆண்டு கழித்து, 2014 மார்ச்சில், அதே பந்துலு இயக்கிய எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) வந்தது. இந்த இரண்டிலும் நடந்தவை இரு வேறு வேலைகள். முதல் வேலை மீட்டெடுப்பு. ஒரு வினாடிக்கு 24 சட்டகம் என்றால் மூன்று மணி நேரப் படத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல் சட்டகங்கள் வரும். அவற்றை வருடி (ஸ்கேன் செய்து) எடுத்து, தூசியையும் கீறலையும் நீக்கி, நிறத்தைச் சமன்செய்து, ஒலியைத் தனியே துப்புரவாக்க வேண்டும். இரண்டாவது வேலை மறுவெளியீடு: உரிமை, விநியோகம், அரங்கு, விளம்பரம். மீட்டெடுக்காமலே மறுவெளியீடு செய்யலாம். சிலர் தொலைக்காட்சித் தரத்தில் இருக்கும் கோப்பையே பெரிய திரையில் ஊதிக் காட்டி ரீ-ரிலீஸ் என்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தால், டிக்கெட் வாங்குகிறவர் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று கேட்கவாவது முடியும்.

அடுத்தது மறுதொகுப்பு. 2002-இல் வந்த 'பாபா' 2022 டிசம்பரில் திரும்பியபோது பழைய வடிவில் வரவில்லை. காட்சிகள் குறைக்கப்பட்டு, ரஜினிகாந்த் புதிதாகக் குரல்கொடுத்த பகுதிகளோடு வந்தது. அதை மறுதொகுப்புப் பதிப்பு என்பதே சரி. இப்படிக் கைவைத்தால் தணிக்கை வாரியத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். கைவைக்காத படத்துக்குப் பழைய சான்றிதழே செல்லும். 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் சான்றிதழுக்குப் பத்தாண்டு ஆயுள்தான் வைத்திருந்தது. 2023-இல் வந்த திருத்தம் அந்த வரம்பை எடுத்துவிட்டது.

மறு ஆக்கம் என்பது ரீமேக். இதையும் மறுவெளியீட்டையும் குழப்புகிறவர்களுக்குக் 'கில்லி' நல்ல பாடம். தெலுங்கு 'ஒக்கடு'வின் மறு ஆக்கமாக 2004-இல் வந்த அந்தப் படத்தின் மறுவெளியீடு 2024 ஏப்ரலில் நடந்து, புதுப்படத்துக்குரிய கூட்டத்தைக் கூட்டியது.

மறுதிரையிடல் இவை எல்லாவற்றையும்விட எளியது. ஒரு தியேட்டர் தன் விருப்பத்தில் ஒரு பழைய படத்தை ஒரு காட்சியோ ஒரு வாரமோ போடுவது. சென்னை அண்ணாநகர் மால் ஒன்றில் 'விண்ணைத்தாண்டி வருவாயா' ஆயிரம் நாளைத் தாண்டி ஓடியதை எதில் சேர்ப்பது? ஒரே அரங்கில் நாளுக்கு ஒரு காட்சி என்று ஓடுவதை நான் மறுதிரையிடல் என்றே சொல்வேன். ஆயிரம் நாள் என்ற எண்ணைக் கண்டு மிரளத் தேவையில்லை.

இனி, எழுத்து. மறுபதிப்பு, மறுபிறவி, மறுகூட்டல், மறுதேர்வு என்று எழுதுவதுபோல மறுதிரையிடல் என்று ஒற்று மிகாமல் எழுத வேண்டும். 'மறுத்திரையிடல்' என்று எழுதினால், மறுப்புத் தெரிவித்துவிட்டுத் திரையிடுவதுபோல் ஒலிக்கும். 'மறு'வுக்கு அடுத்த, வேறொரு என்ற பொருள்களும் உண்டு, மறுநாள், மறுகரை. 'மீள்' என்பதில் திரும்பி வருதல் அழுத்தமாக இருக்கிறது. மீளாய்வு, மீள்குடியேற்றம் என்று இலங்கைத் தமிழில் இந்த முன்னொட்டு செல்வாக்கோடு இருப்பதால், அங்கே ஒருவர் மீள்வெளியீடு என்று எழுதினால் திருத்தப் போகாதீர்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு மறுவெளியீடு பழகிய ஓசை. தலைப்பில் இடம் குறைவென்றால் 'மீண்டும் திரையில்' என்றாலே போதும்.

மறுவெளியீடு பற்றி எழுதும்போது படத்தின் பெயருக்குப் பக்கத்தில் முதலில் வெளியான ஆண்டைப் போட்டுவிடுவது நல்லது. ஆயிரத்தில் ஒருவன் என்ற பெயரில் 1965-இலும் ஒரு படம் உண்டு, 2010-இலும் ஒன்று உண்டு. கர்ணன் என்றால் 1964-இல் சிவாஜி, 2021-இல் தனுஷ். 'கர்ணன் மறுவெளியீடு' என்று மொட்டையாக ஒரு வரி போட்டால், கவசகுண்டலத்தை எதிர்பார்த்து வருகிறவர் பஸ் நிற்காத ஊரின் கதையைப் பார்த்துவிட்டுப் போவார்.