மோப்ப நிலை இல்லங்க, முகர்நிலை

மயக்கம் குடுத்து தொண்டையில டியூப் போடுறதுக்கு முன்னாடி தலையையும் கழுத்தையும் ஒரு வாகா வைப்போம், ஆபரேஷன் தியேட்டர்ல அதுக்கு ஸ்னிஃபிங் பொசிஷன்னு பேரு. பயிற்சிக் கையேட்டுல "மோப்ப நிலை"ன்னு போட்டுருக்காங்க. இந்த மாசம் மட்டும் மூணு தடவ கேட்டாச்சு, பொறுக்க முடியல.

லண்டன்ல இருந்த மயக்க மருத்துவர் இவான் மாகில் 1936ல சொன்னது, காலைக் காத்த மோந்து பாக்குற மாதிரி தலை இருக்கணும்னு. கழுத்து முன்னால சுமார் 35 டிகிரி வரும், முகம் மட்டும் 15 டிகிரி பின்னால சாயும், தலைக்கடியில ஏழு சென்டிமீட்டர் உசரத்துக்கு துணி. குண்டானவங்களுக்கு இது பத்தாது, தோளோட சேத்து ஏத்தி காதுத் துளையும் நெஞ்செலும்புக் குழியும் ஒரே மட்டத்துக்கு வரணும்.

மோப்பம் நல்ல தமிழ்தான, "மோப்பக் குழையும் அனிச்சம்"னு வள்ளுவரே சொல்லிருக்காரேன்னு கேப்பீங்க. சரிதான், ஆனா இன்னைக்கு மோப்பம்னா அனிச்சமா ஞாபகம் வருது, நாய்தான வருது, நாய் மோப்பம் புடிக்கிறப்ப மூக்கு தரையில கெடக்கும், நமக்கு வேண்டியதுக்கு நேர் எதிர். போன வாரம் பயிற்சிக்கு வந்த தம்பி பொம்மையோட தாடைய நெஞ்சுல முட்டுற மாதிரி குனிய வச்சுட்டு "மோப்ப நிலைதானண்ணே"ங்குறான். மயங்கிக் கெடக்குற ஆளுக்கு அப்படி வச்சா நாக்கு பின்னால சரிஞ்சு மூச்சுப்பாதை அடைக்கும். தம்பி மேல தப்பில்ல, அந்தச் சொல்லு மேலதான்.

சிலர் நுகர்நிலைங்குறாங்க. நுகர்வுன்னா இப்ப பொருள் வாங்குறதுன்னு ஆகிப்போச்சு, வேணாம்.

முகர்நிலைன்னு சொல்லுங்க. சொல்றப்பவே முகம்ங்குற ஓசை காதுல விழுது, தூக்க வேண்டியதும் முகந்தான. தொண்டிக் கரையில விடியக்காலம் வள்ளத்த எறக்குறதுக்கு முன்னாடி எங்க மாமா வாடைக்காத்து ஏறுதான்னு பாப்பாரு, கழுத்து முன்னால நீளும், முகம் லேசா மேல போகும், மூக்கு காத்துக்கு நேரா நிக்கும். மாகில் சொன்னது அப்படியே அதுதான். அகராதிய மட்டும் வச்சு மொழிபெயர்க்கிறவங்க ஒருநாள் தியேட்டருக்குள்ளயோ கடற்கரைக்கோ வந்து பாத்திருந்தா இந்தச் சொல்லு வந்திருக்காது, மருத்துவத் தமிழ் பூரா இப்படித்தான் ஒடம்பப் பாக்காம எழுதுறாங்க.

தம்பிக்கு மாமா மாதிரி நின்னு காட்டுனேன். துணிய நாலா மடிச்சு தலைக்கடியில சொருகி முகத்த சரியா தூக்கிட்டான். கையேட்டுல அந்த வார்த்தைய அடிச்சு எழுதிட்டேன், அடுத்த அச்சுல மாத்தச் சொல்லி கடுதாசியும் குடுத்துருக்கேன்.